தும்பியின் பின்னறை

நட்சத்திரங்களுக்குப் போகும் கப்பல்களில் தும்பியைவிடச் சிறியது அப்போது இல்லை. நான்கு பேர்தான் போகலாம். முன்பக்கம் அவர்கள் உண்டு உறங்க ஓர் ஒடுக்கமான அறை; மற்றதெல்லாம் ஆய்வறை. அணைந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்கள் உமிழும் தூசியை அருகே போய்ப் பிடித்து அளந்து வருவது அதன் வேலை. "தீப்பெட்டிக்கு வால் முளைச்ச மாதிரி இருக்கு" என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள். அதை வரைந்தவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவளுடைய தம்பி கருவிகளைக் கவனிக்கும் வேலைக்கு அதில் சேர்ந்தான். சிபாரிசு என்ற பேச்சு வரக்கூடாதென்று தேர்வுக் குழுவிலிருந்து அவள் விலகிக்கொண்டாள்.

ஆய்வறையில் தீப்பிடித்தால் அதை மட்டும் கழற்றிவிடலாம். முன்னறையிலிருந்தே கழற்றும்படி வைக்கச் சொன்னார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது அது வேலை செய்யக்கூடாது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். "வெளியில இருக்கறவங்க பயத்துல இழுத்துட்டா? உள்ள இருக்கறவங்கதான் முடிவு பண்ணணும்." அப்படியே உள்ளே ஒரு கைப்பிடி வைத்தாள்.

மூன்று வருடம் கழித்துத் தும்பியின் முன்னறை மட்டும் திரும்பி வந்தது. கேப்டன், ஐம்பது வயதுப் பெண், நேராக அவள் வீட்டுக்கு வந்தார். தரையில் நடந்து பழக்கம் விட்டுப்போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"ஆய்வறையில தீ. உள்ள உன் தம்பி மட்டும்தான். கதவு சூட்டுல ஒட்டிக்கிச்சும்மா. மூணு பேரும் எவ்வளவோ மல்லுக்கட்டிப் பாத்தோம். தீ எங்க பக்கம் வர ஆரம்பிச்சதும், கதவை விடுங்கன்னு ஸ்பீக்கர்ல சொன்னான்."

"அப்புறம்?"

"அன்னிக்குப் பிடிச்ச தூசியோட அளவை வாசிச்சான். எழுதிக்கச் சொன்னான். நடுவுல ஒண்ணைத் தப்பா சொல்லிட்டு, ஸாரி, அது ஏழுன்னு திருத்தினான். கைப்பிடி இழுக்க லேசா இருக்கு, அக்காகிட்ட சொல்லிடுங்கன்னான். அவ்வளவுதான்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் சத்தத்தில் அழுதாள். வெகுநேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"உங்க பக்கத்துலேர்ந்து இழுக்க முடிஞ்சிருந்தா?"

"இழுத்திருக்க மாட்டேன். நாலு பேருமே போயிருப்போம்."

"அப்ப நான் செஞ்சது சரிங்கறீங்களா?"

"தெரியலைம்மா. நான் உயிரோட வந்து உக்காந்திருக்கேன். இதுல நான் என்னத்தைச் சொல்ல?"

தம்பி வாசித்த அளவுகளை அவன் பெயரிலேயே வெளியிட்டார்கள். அடுத்த கப்பலையும் அவளையே வரையச் சொன்னார்கள். கைப்பிடியை அவள் மாற்றவில்லை. ஆய்வறைக்கு இன்னொரு கதவு வைத்தாள். அதற்கு இடம் வேண்டி ஒரு தொலைநோக்கியை எடுக்க வேண்டியிருந்தது. விஞ்ஞானிகள் குதித்தார்கள். கதவு இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். கடைசியில் இறங்கி வந்தார்கள்.

புதுக் கப்பல் கிளம்பிய அன்று அவள் பார்க்கப் போகவில்லை. அம்மாவோடு சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அம்மா செய்தியில் கப்பலையும் அதன் இரண்டாவது கதவையும் பார்த்துவிட்டு, குத்திக்காட்டும் எண்ணம் கொஞ்சமும் இல்லாமல் கேட்டாள்:

"இந்த இன்னொரு கதவை அப்பவே வச்சிருக்கலாம் இல்லடி?"

"வச்சிருக்கலாம்மா," என்றாள் அவள். "தோணலை."

அம்மா தலையசைத்துவிட்டு அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.