இந்திக்கவுக்கு யாருடைய வாய்?

1

கிட்ட வாங்க, கண்ணுகளா. ஃபேனைக் கொஞ்சம் குறைச்சிட்டு வாங்க, அதோட போட்டி போட எனக்குக் குரல் இல்லை. வாயில்லாத ஒரு சிப்பாயின் கதை சொல்கிறேன். சிரிப்புக் கதைதான். நடுவில் அழுகை வந்தால் நான் பொறுப்பில்லை.

இது எனக்குக் கிடைத்தது மாத்தளையில், இத்ரூஸ் நானாவின் பெனர், போஸ்டர் அடிக்கிற கடையில். அடையாள அட்டையைப் போட்டோக் கொப்பி எடுக்கப் போயிருந்தேன். கம்பியூட்டரில் ஒரு இராணுவத் தொப்பி, இரண்டு கண், மூக்கு. மூக்குக்குக் கீழே வெறும் தோல்.

"வாய் எங்க புள்ள?" என்று கேட்டேன்.

"தேடிக்கிட்டு இருக்கேன்" என்றாள் அங்கே படம் செய்கிற ஸரீனா.

மிச்சத்தில் பாதி அவள் சொன்னது. பாதி என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீங்க.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மே மாதத்து வானம் துயரத்தில் கறுத்து......"

(அடித்துவிட்டேன். அன்றைக்கு மண்டை பிளக்கிற வெயில்.)

மறுபடியும்: "பல்லேபொலப் பக்கத்துக் கிராமம் ஒன்று, போரில் செத்த தன் எட்டுப் பையன்களுக்கு......"

இது இருக்கட்டும். எட்டு முகங்களையும் போட்டு ஒரு பெரிய போஸ்டர், வெள்ளிக்கிழமை நினைவு நாளுக்குப் பஸ் ஹோல்ட்டில் வைக்க. ஏழு பேருக்கும் ஸ்டூடியோவில் முறைத்துக்கொண்டு எடுத்த படம் இருந்தது. எட்டாவது இந்திக்க. அவனுடைய அம்மா ஹீன்மெனிக்கேயிடம் கறையான் விட்டுவைத்தது ஒரே ஒரு படம். லீவில் வந்தவன் வீட்டு முற்றத்தில் நிற்கிறான், ஆடு ஒன்று இடுப்புச் சாரத்தைக் கடித்து இழுக்கிறது, அவன் கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறான்.

ஆட்டை வெட்டிவிட்டுத் தொப்பி மாட்டுவது ஸரீனாவுக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் நினைவுச் சங்கத் தலைவர் கருணாதிலக்க மாத்தயா சொல்லிவிட்டார்: "வாயை மூடுங்க. இது கல்யாண வீடில்லை."

3

மூடிய வாய்க்கு ஸரீனா எங்கே போவாள்? கம்பியூட்டரில் கிடந்த மாப்பிள்ளைமார் எல்லாரும் பல்லைக் காட்டினார்கள். கடைசியில் போன வருஷத்துப் பிரதேச சபைத் தேர்தல் போஸ்டர் ஒன்றில் கிடைத்தது. மீசை இல்லாத, அமரிக்கையான வாய். வெட்டினாள், ஒட்டினாள், பொருந்திவிட்டது.

(யாருடைய வாய் என்று பார்க்கவில்லையா என்று நானும் கேட்டேன். "பெரிசாக்கிப் பார்த்தா எல்லா வாயும் ஒண்ணுதான்" என்றாள்.)

ஹீன்மெனிக்கே அம்மா பஸ் ஏறிப் பார்க்க வந்தார். திரைக்குக் கிட்டப் போனார். தள்ளி நின்றார். அவர் பேசியது சிங்களத்தில், நான் தமிழில் எழுதுகிறேன்:

"மகளே, என் பிள்ளை எப்போ எலெக்ஷன் கேட்டான்?"

"அல்லாஹ்வே" என்று ஸரீனா தலையில் கை வைத்தாள். அது சங்கத் தலைவருடைய வாய். தேர்தலில் தோற்றுப்போன வாய்.

அம்மா சிரிக்கத் தொடங்கினார். மூச்சு வாங்கும்வரை சிரித்துவிட்டு, "இது நல்ல படம்தான். ஆனா என் பிள்ளை இல்லை. அவன் முகத்தை ஊர் பார்க்கணும்னுதான் வந்தேன். அவனையே போடு" என்றார்.

4

தலைவர் வந்தார், தன் வாயைப் பார்த்தார், அந்த வாயாலேயே கத்தினார்......

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம். மனிதரை ரொம்பக் கெட்டவராக எழுதிவிட்டேனோ? ஏனென்றால் அவர் கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்: "அம்மே, மூணாவது படம் என் தம்பி. அவன் முறைச்சிக்கிட்டு இருக்க, பக்கத்தில உங்க பிள்ளை சிரிச்சா, என் தம்பியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இல்லையா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. அம்மா யோசித்தார்.

"உங்க தம்பி ஒருநாளும் சிரிச்சதில்லையா, மாத்தயா?"

"வீட்டில சிரிப்பான். அது படமா இருக்கான்னு தெரியாது."

"போய்ப் பாருங்களேன்."

(எத்தனையோ பக்கம் எத்தனையோ பேர் செத்திருக்க, இந்த எட்டுப் பேரை ஏன் எடுத்தாய் என்று என் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். கடைக்குப் போன அன்றைக்குத் திரையில் இருந்தது இவர்கள்தான். மற்றவர்களுக்கும் அம்மாமார் உண்டு. அவர்கள் கதைக்கும் என்னிடம் பாய் விரித்திருக்கிறது.)

5

நாலு மணிக்குப் போஸ்டரை அச்சு மெஷினில் ஏற்ற வேண்டும். இப்போது மூன்றே கால். ஸரீனாவிடம் இரண்டு போஸ்டர் தயார். ஒன்றில் இந்திக்க, தலைவருடைய வாயோடு. மற்றதில் அவன் சொந்தச் சிரிப்போடு. தலைவர் வீட்டில் அலுமாரியைத் திறந்து, ஒவ்வொரு அல்பமாகப் புரட்டுகிறார். அம்மா கடை வாசலில் பாலில்லாத பிளேன்டீ குடித்துக்கொண்டு ரோட்டில் ஓடுகிற திறீவீல்களை எண்ணுகிறார்.

தம்பி சிரிக்கிற படம் கிடைத்தது என்று ஒரு முடிவு எழுதினேன். எனக்கே ரொம்ப இனித்தது. கிடைக்கவில்லை என்று ஒன்று எழுதினேன். அதில் தலைவர் வெறுங்கையோடு வந்து, "பரவாயில்லை, உங்க பிள்ளை சிரிக்கட்டும்" என்கிறார். அதை எழுதிவிட்டு நான் சோறு தின்னவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். இரண்டில் எந்தப் போஸ்டர் என்று பட்டனை அழுத்தும் கை உங்களுடையதாக இருக்கட்டும், கண்ணுகளா. அந்த அம்மாவை நாலு மணிக்கு மேல் காக்க வைக்காதீங்க, அவருக்குக் கடைசி பஸ் இருக்கிறது.

நீங்க நல்லா இருக்கணும். உங்க வீட்டிலிருந்து காலையில் கிளம்பிப் போகிற ஒவ்வொருத்தரும், சோறு ஆறுவதற்குள் வந்து சேரட்டும்.