இடப்பக்கம் ஒரு சாண்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மனிதருக்குப் பட்டப்பெயர் ஒட்டப் பசை எதுவும் வேண்டாம், ஒரு மைக் போதும். சபையின் ஜனவரி அசன விருந்தில், பிரியாணி அண்டா திறக்கத் தாமதமான அரை மணி நேரத்துக்குள் டெனிஸ் மைக்கைப் பிடித்து, தன் மச்சான் அசரியாவுக்கு ‘வைப்ரேஷன்’ என்று பேர் சூட்டி முடித்துவிட்டார். சோறு இலைக்கு வருமுன் பேர் ஊருக்கு வந்துவிட்டது.

டெனிஸ் யாரோ இல்லை. அசரியாவின் தங்கை ஜெயசீலியைக் கட்டியவர். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, பாடகர் குழுவில் கட்டைக் குரல். பாட்டில் சுருதி தப்பினாலும் கதையில் தப்பாத மனிதர். அன்று அவர் சொன்னது கடல் கதை. அவர், அசரியா, அசரியாவின் கம்பெனி சூப்பர்வைசர் பத்ரி, மூவரும் கோவளத்துக்குத் தெற்கே படகில் போய், மூச்சடக்கி முங்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் அடிப்பவர்கள். துப்பாக்கி என்றால் வெடிமருந்து இல்லை. ரப்பரை இழுத்து மாட்டி விட்டால் நாலடிக் கம்பி பாயும், அவ்வளவுதான். பொங்கல் விடுமுறையில் ஒரு கலவா மீன் பாறையோரம் அசையாமல் நின்றதாம். அசரியா எட்டடி தூரத்தில் மூன்று முறை சுட்டு மூன்று முறையும் தவறவிட்டாராம். மூன்றாவது தடவை மீனே இரக்கப்பட்டுக் கொஞ்சம் கிட்ட வந்ததாம். “மச்சான் கை வைப்ரேஷன் மோட்ல இருந்துச்சு, சைலன்ட்ல போட மறந்துட்டாரு” என்று டெனிஸ் கையை உதறிக் காட்ட, போதகர் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

சிரிப்பு அங்கேயே நின்றிருந்தால் அசரியாவும் சிரித்துத் தொலைத்திருப்பார். ஆனால் அவர் கை, அவர் சோறு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் கிரைண்டிங் மிஷினில் நிற்கிறார். தலைமுடியைப் பத்தாகக் கிழித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அந்த அளவுக்குள் இரும்பை இழைக்கிற வேலை. அந்த மிஷினுக்கு முன்னால் ‘கை நடுங்குது’ என்ற சொல், ஹோட்டல் வாசலில் ‘உள்ளே கரப்பான்’ என்ற சொல்லைப் போல. பத்ரி நேரில் பார்த்த சாட்சி வேறு. பிப்ரவரி முதல் தேதி தோளில் கைபோட்டு, கொஞ்ச நாள் ரெஸ்ட் மாதிரி இருக்கட்டும் அண்ணா என்று பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். எண்ணெய் தடவு, பாலித்தீனில் சுற்று, அட்டைப்பெட்டியில் அடுக்கு. நேற்று வந்த பையன்கள்கூட அவர் பெட்டியைத் தூக்கும்போது ‘பாத்துண்ணா’ என்றார்கள். வீட்டில் மனைவி பிளஸ்ஸி தாம்பரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ஒன்றுமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதை வாங்கி பத்திரமாக பீரோவில் வைத்துவிட்டு, அன்றிலிருந்து பிளஸ்ஸி காபி டம்ளரைப் பாதிதான் நிரப்பினாள்.

அந்த அரை டம்ளர் காபிதான் அசரியாவை எழுப்பியது என்று சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மூன்று வாரமாகத் தொடாத துப்பாக்கியை இறக்கி, கம்பியைக் கழற்றி, சாப்பாட்டு மேசைக் கண்ணாடியில் படுக்கவைத்து விரலால் உருட்டினார். நேரான கம்பி கண்ணாடியில் உருண்டால் ஒரே சீராக ‘சர்ர்’ என்று போகும். இது ‘டக், டக், டக்’ என்று நொண்டியது. பின்முனையிலிருந்து இரண்டு சாண் தள்ளி ஒரு வளைவு. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். வளைவுக்குப் பக்கத்தில், ரப்பர் மாட்டும் வெட்டுக்குள், மெல்லிய கட்டுக்கம்பியின் துண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு கிடந்தது.

கடலில் யார் கட்டுக்கம்பி கட்டுவார்கள்? டிசம்பரில் டெனிஸ் இதேபோல் ஒன்று ஆர்டர் பண்ணணும், அளவு பார்த்துட்டுத் தர்றேன் என்று இந்தக் கம்பியை வாங்கிப்போய்ப் பதினைந்து நாள் வைத்திருந்தது அப்போது நினைவுக்கு வந்தது. அசரியா போனை எடுத்து மாப்பிள்ளை அனுப்பிய பழைய படங்களைத் தேடினார். சபையின் கிறிஸ்துமஸ் ஸ்டார் போட்டியில் முதல் பரிசு வாங்கிய ஆறடி ஸ்டார், டெனிஸ் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு தொங்கியது. நீட்டிக்கொண்டிருந்தது எதில் என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அவருடைய கம்பிதான். அந்த வாரம் அடித்த புயல் காற்றில் ராஜகீழ்ப்பாக்கமே கூரைத் தகரம் பொறுக்கிக்கொண்டிருந்தது. இரும்புச் சட்டம் போட்ட ஸ்டார் மட்டும் சும்மா இருந்திருக்குமா?

ஆக, வளைத்தவர் மாப்பிள்ளை. வளைத்ததைச் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தவரும் மாப்பிள்ளை. அதனால் தவறிப்போன மீனை மைக்கில் ஏற்றியவரும் அதே மாப்பிள்ளை.

வேறு யாராக இருந்தாலும் அசரியா நேரே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பார். தங்கையைக் கட்டியவரிடம் அது நடக்காது. அவருக்கு வீட்டில் முதல் நாற்காலி, மீன் குழம்பில் நடுத்துண்டு. குரல் ஒரு படி உயர்ந்தால் ஜெயசீலி அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். இப்படி வாயைக் கட்டிப்போட்டால் மனுஷனுக்கு மூளைதான் வேலை செய்யும். அசரியாவுக்கு மிக நன்றாகவே செய்தது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஊரப்பாக்கம் போனார். பழைய சிநேகிதர் சத்தியநாதன் மனையில் ஒரு பெரிய கிணறு உண்டு. தேய்ந்த ரப்பர் செருப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, எட்டடி தூரத்தில் முங்கி நின்று பத்து முறை சுட்டார். செருப்பு என்ன பாவம் செய்தது என்று கேட்டார் சத்தியநாதன். பத்தும் செருப்புக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளியே பாய்ந்தன. கம்பியின் பின்முனை துப்பாக்கிக்குள் ஒரே மாதிரிதான் உட்காரும், திருப்பிப் போட வழியில்லை. அதனால் வளைவும் எப்போதும் ஒரே பக்கம்தான் பார்க்கும். கை நடுங்கினால் பத்துக் குறியும் பத்துப் பக்கம் சிதறும். கம்பி கோணினால் பத்தும் ஒரே இடத்துக்குப் போகும். பத்ரியைக் கூட்டிவந்து இந்தக் கிணற்றைக் காட்டியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும்.

அசரியாவுக்கு விஷயம் முடிவது போதாது. மாப்பிள்ளை அதே கடலில், அதே பத்ரி முன்னால், அதே மாதிரி மூன்று முறை தவறவிட வேண்டும்.

ஒரு வாரம் சாயங்காலங்களில் உட்கார்ந்து அந்தத் துப்பாக்கியைச் சீர் பண்ணினார். பண்ணிய நேர்த்தியைப் பார்த்தால் எதிரிக்குச் செய்கிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரப்பர் மாட்டும் வெட்டுகளின் பிசிறை அரத்தால் நீவி எடுத்தார். இரண்டு ரப்பரும் ஒரே இழுவை இழுக்க வேண்டும் என்று நூல் பிடித்து ஒரே நீளத்தில் வெட்டினார். முனையில் மீன் நழுவாமல் பிடிக்கும் முள், தட்டினால் விரிகிற அளவுக்கு லேசாக ஆடும்படி அதன் ஆணியைத் தளர்த்தினார். கயிறு புதிது, முடிச்சு கடுகளவு. எல்லாம் சரியாகப் போட்டு உப்பை மட்டும் ஒளித்துவைத்த சமையல் மாதிரி, வளைவை மட்டும் தொடவில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்துப் பித்தளைத் துண்டால் ஒரு அழுத்து அழுத்தினால் நிமிர்ந்துவிடும் அவருக்கு. அழுத்தவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களின் இரண்டாம் சனிக்கிழமை, பத்ரி பார்க்க, அதை மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

“நீங்க வெச்சுக்கங்க மாப்ள. நான்தான் நடுங்கறேனே.”

டெனிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சானைக் கட்டிப்பிடித்து, மனசு என்றால் இது மனசு என்று பத்ரியிடம் காட்டினார். அசரியாவின் மனசு ஒரு மைக்ரான்கூட அசையவில்லை.

கடல் அன்று கண்ணாடியாகக் கிடந்தது. பாறை இடுக்கில் பிரஷர் குக்கர் பருமனுக்கு ஒரு கலவா. டெனிஸ் முங்கினார், சுட்டார், தவறினார். படகில் வந்து ரப்பரை மறுபடி இழுத்து மாட்டிக்கொண்டு முங்கினார், தவறினார். மூன்றாவது தடவையும் தவற, கலவா இடத்தைக் காலி செய்தது. மேலே மிதந்தபடி முகமூடி வழியாக எல்லாவற்றையும் பார்த்த பத்ரிக்குப் பக்கத்தில் அசரியா மிதந்துகொண்டிருந்தார். ஜனவரிக்குப் பிறகு அவர் அவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டதில்லை.

அந்த நிம்மதிக்கு ஆயுசு படகு வரைக்கும்தான். டெனிஸ் ஏறி உட்கார்ந்து, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, துப்பாக்கியைக் குழந்தை மாதிரி மடியில் போட்டுத் தட்டினார்.

“பத்ரி சார், இது தொத்து வியாதி. மச்சான் ஒரு வாரம் தொட்டிருக்காரு இல்ல, அதான் துப்பாக்கிக்கும் நடுக்கம் வந்துடுச்சு.”

பத்ரி சிரித்த சிரிப்பில் முகமூடி நழுவிக் கடலில் விழப் பார்த்தது. படகுக்கார மாரி வேறு தன் பங்குக்கு, “இன்னா சார், குடும்பமே ஆடிகினு கீது” என்றான்.

அசரியா வெட்கத்தை எதிர்பார்த்திருந்தார். டெனிஸின் முகத்தில் அது உட்கார இடமே இல்லை. மாப்பிள்ளை தவறவிட்ட மூன்று குறியும் மச்சான் கதையின் இரண்டாம் பாகமாகிவிட்டன. ஈஸ்டர் அசனத்துக்கு மைக் தயாராக இருந்தது. அத்தோடு பத்ரி, கரைக்கு வரும் வழியில், இன்னும் கொஞ்ச நாள் பேக்கிங்லயே இருங்கண்ணா, அங்க ஆளும் தேவைப்படுது என்று சொல்லிவைத்தார்.

மத்தியானச் சாப்பாடு மூவருக்கும் டெனிஸ் வீட்டில். ஜெயசீலி கடையில் வாங்கிய சங்கரா மீனை வறுத்துக்கொண்டிருக்க, டெனிஸ் கரண்டியைத் துப்பாக்கியாகப் பிடித்துக் கதையை ஒத்திகை பார்த்தார். எப்படி முங்கினேன், எப்படி மச்சான் வியாதி கையில் ஏறியது. அசரியா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். வெளியே போய்க் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, ரசச் சட்டியை ஓரம் தள்ளி, மேசைக் கண்ணாடியில் வைத்து உருட்டினார்.

டக், டக், டக்.

டெனிஸுக்கு அது வெறும் சத்தம். சூப்பர்வைசருக்கு அப்படி இல்லை. பத்ரியின் கை சோற்றோடு பாதி வழியில் நின்றது. எச்சில் கையோடு குனிந்து, கம்பியை ஒருமுறை தானே உருட்டிப் பார்த்தார். மூன்றும் எந்தப் பக்கம் போனது என்று டெனிஸைக் கேட்டார். இடது என்றார் டெனிஸ். பத்ரி யோசித்தார். ஜனவரியில் பார்த்ததும் அவர் கண்ணில் இருந்தது.

“அண்ணன் சுட்டதும் இடதுதான். கை நடுங்கினா நாலு பக்கமும் இல்ல போயிருக்கணும்.”

வறுத்த மீன் தட்டோடு வந்த ஜெயசீலி மேசையைப் பார்த்தாள். மனசில் கள்ளமில்லாதவள் வாயில்தான் கர்த்தர் சாட்சியை வைக்கிறார்.

“இது நம்ம ஸ்டார் கட்டின கம்பி இல்ல? காத்துல மடங்கிப் போச்சுன்னு நீங்க முழங்கால்ல வெச்சு நிமித்தினீங்களே.”

டெனிஸ் கரண்டியை மேசையில் வைத்தார். சரியாக நிமிர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன் என்று மேசைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். ஜனவரியில் படகில் இருந்தபோது நினைவு வரவில்லையா என்று பத்ரி கேட்டதற்கு, வந்தது, ஆனால் அப்போதே எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். அதற்குப் பிறகுதான் பத்ரிக்கு இன்னொன்று உறைத்தது. அசரியாவிடம் திரும்பினார்.

“அப்ப நீங்க வளைவு தெரிஞ்சேவா இவருக்குக் குடுத்தீங்க?”

“தெரிஞ்சேதான் சார். அவர் எனக்குத் தெரிஞ்சே குடுத்தாரு, நான் அவருக்குத் தெரிஞ்சே குடுத்தேன்.”

ஜெயசீலி தட்டை வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. யாருடைய பதிலைக் கேட்டு அவளுக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. பத்ரி கை கழுவிவிட்டு வந்து, திங்கட்கிழமை கிரைண்டிங்குக்கு வந்துடுங்கண்ணா என்றார். வேலை திரும்பிவிட்டது. வேறொருவராக இருந்தால் ரசத்தை ஊற்றிச் சாப்பாட்டை முடித்திருப்பார்.

“வேலை சரி சார். பேரு?” என்றார் அசரியா. பிறகு முதல்முறையாக மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தார். குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. “ஈஸ்டர் அசனத்துல அதே மைக்குல நீங்களே சொல்லணும் மாப்ள. ஸ்டார்ல ஆரம்பிச்சு முழங்கால் வரைக்கும்.”

டெனிஸ் சொன்னார். சொல்லாமல் இருந்தால் அவருக்குப் பதில் அசரியா சொல்வார், அது இன்னும் நீளமாக இருக்கும் என்று யாரோ அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். பிளஸ்ஸியாக இருக்கும். ஈஸ்டர் அன்று, அண்டா திறக்குமுன், மைக்கைப் பிடித்தார். கட்டைக் குரலில் இருந்த கட்டை மட்டும்தான் மிஞ்சியிருந்தது. சபை அறிவிப்பு வாசிப்பவர்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஸ்டார், காற்று, கம்பி, மச்சான் கையில் ஒரு குறையும் இல்லை என்று ஒரே மூச்சில் ஓடினார். கையை உதறவில்லை, மீன் இரக்கப்படவில்லை. டெனிஸ் கதை சொல்லி யாருமே சிரிக்காதது சபை வரலாற்றில் அதுவே முதல் தடவை. பெண்கள் வரிசையில் ஜெயசீலி மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. அன்றிலிருந்து ஒரு மாசம் அண்ணன் வீட்டுக்கு வரவும் இல்லை.

முதல் வரிசை நடு நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த அசரியா, டெனிஸ் மைக்கை வைக்கப் போகும்போது கையை உயர்த்தினார். பிளஸ்ஸி பக்கத்திலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையை இறக்கவில்லை.

“கடைசி வரிசைல இருக்கறவங்களுக்குச் சரியா கேக்கலை மாப்ள. முதல்லருந்து சொல்லுங்க.”

டெனிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி ஸ்டாரிலிருந்து ஆரம்பித்தார்.