பூண்டுச் சூடு

எங்கள் மலையூர் கிளாவரையில் யாருக்காவது வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தால், பழி பூண்டின் மேல்தான் விழும். விளைகிற பூண்டை அளவில்லாமல் தின்கிறோமாம், அந்தச் சூடாம். பூண்டை விடு, மோரைக் குடி. அவ்வளவுதான் வைத்தியம். என் மாமனார் மோரைக் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தார்.

எண்பத்து நாலாம் வருஷம் தை மாதம், என் வீட்டுக்காரரின் அண்ணன் குழந்தைவேல் மதுரை ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். குடலில் புற்று. வீட்டில் வேறு யாருக்காவது இது வந்ததா என்று டாக்டர் கேட்க, என் வீட்டுக்காரர் பழனிமுத்து கூசாமல் இல்லை என்றார். அப்பாவுக்கு வந்தது பூண்டுச் சூடுதானே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்தான் உள்ளதைச் சொன்னேன். அப்படியானால் கூடப்பிறந்தவர்கள் நோவு எதுவும் இல்லாவிட்டாலும் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். முதலில் சின்ன மொட்டாகத்தான் வருமாம். அப்போதே கிள்ளி எடுத்துவிட்டால் புற்றாகாதாம்.

சரி சரி என்று தலையாட்டினார் மனுஷன். அண்ணன் கருமாதி முடிந்தது. கிழங்கு நடவு என்றார், பூண்டு அறுப்பு என்றார். அவர் தங்கை இருளாயியிடமும் சொன்னேன். எனக்கென்ன மதினி, நல்லாத்தானே இருக்கேன் என்று சிரித்தாள்.

ஒருநாள் அவர் சாப்பிட்ட தட்டை எடுக்கிறேன், ஓரத்தில் பூண்டுப் பல்லாக ஒதுக்கிக் கிடக்கிறது. பூண்டில்லாமல் சோறு இறங்காத ஆள்! அடுத்த நிமிஷம் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"எத்தன நாளா ரத்தம் போகுது? அண்ணனப் பொதச்ச எடத்துக்குப் பக்கத்துலயே ஒங்களுக்கும் எடம் பாத்து வச்சிட்டீங்களா?"

கண்ட இடத்தில் குழாய் விடுவார்களாமே, வெட்கமாக இருக்கிறது என்று முனகினார்.

"ஒங்க வெக்கத்த நான் சொமந்துட்டு வாரேன். கெளம்புங்க."

மறுநாள் வெள்ளனே ஜீப்பில் ஏற்றிக் கொடைக்கானல் போய், அங்கிருந்து மதுரைக்கு பஸ் பிடித்தேன். மொட்டுதான் இருந்தது. எடுத்துவிட்டார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள், இனி விடாமல் வந்து காட்டிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் இருளாயி பார்க்க வந்தாள். இருவருக்கும் சோறு போட்டுவிட்டு ரசம் எடுக்க உள்ளே போனேன். என்னண்ணே ஆச்சு என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. குழாய் போன இடத்தைத் தங்கையிடம் எப்படிச் சொல்வார் அந்த மானஸ்தர்?

"ஒண்ணுமில்ல ஆத்தா, சூடுதான். பூண்ட விட்டேன், நின்னுபோச்சு."

ரசத்தோடு வெளியே வந்தேன். இருளாயி தலை நிமிரவில்லை. குழம்பிலிருந்த பூண்டை ஒவ்வொன்றாகத் தட்டோரம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"விட்டு எத்தன நாள்ல நின்னுச்சுண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ரசச் சட்டியை நங்கென்று தரையில் வைத்தேன்.

"சொல்லுங்க. கொழாய எங்க விட்டாங்கன்னு ஒங்க வாயாலயே ஒங்க தங்கச்சிகிட்டச் சொல்லுங்க."