எட்டாவது ஆள்

பயிற்சிக்கு வந்த தினேஷ் ஏழாவதாக உள்ளே போய்விட்டு வந்தபோது, அன்னக்கிளி சொல்லும் கதை சிவஞானத்துக்கு வரிக்கு வரி மனப்பாடமாகியிருந்தது. மௌலா அலி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சில், முழங்கால் மார்பில் இடிக்க அவர் காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். வகுப்பறையின் ஜன்னல் சரியாக மூடாது. உள்ளே பேசுவது எல்லாம் வெளியே கேட்டது.

"புள்ளைக்குப் பால் வாங்கப் போனேன் சார். விடியலேர்ந்து மழை ஊத்துது. அது தூங்கிட்டிருந்துச்சு, எழுப்ப வேணாம்னு வெளியில கொண்டி மாட்டிட்டுப் போனேன். பால் பாக்கெட்டோட திரும்பி வர்றதுக்குள்ள நாலாக் கால்வாத் தண்ணி எங்க பஸ்திக் குடிசைங்களுக்குள்ள வந்து இடுப்பு மட்டும் நிக்குது."

முதல் தடவை சொன்னபோது ‘கொண்டி’ என்ற இடத்தில் அவள் குரல் நின்றது. உள்ளே இருந்தவர் காத்திருந்தார். பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. நான்காவது தடவை குரல் அங்கே நிற்கவில்லை. ஏழாவது தடவை, தினேஷ் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் அடங்குவதற்கு முன்பே "புள்ளைக்குப் பால் வாங்கப் போனேன் சார்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

சுனாமி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்துக்கு அனுப்பத் தமிழ் பேசுகிறவர்கள் வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் ஹைதராபாத்தில் கேட்டிருந்தது. பதினான்கு பேர் வந்தார்கள். சங்கராந்தி விடுமுறையில் பள்ளிக்கூடம் காலியாக இருந்ததால் மூன்று நாள் பயிற்சியை அங்கேயே வைத்தார்கள். பயிற்சி கொடுக்கப் பெங்களூரிலிருந்து வந்த ஜேம்ஸ், ஒரிசாப் புயலிலும் குஜராத் பூகம்பத்திலும் வேலை செய்தவர். கரும்பலகையில் அவர் எழுதிப் போட்டது அப்படியே இருந்தது: ஆறுதல் சொல்ல அவசரப்படாதே. கடவுள் சித்தம் என்று சொல்லாதே. செய்ய முடியாததைச் செய்வேன் என்று சொல்லாதே. அழுதால் அழ விடு. கோயிலில் விழுந்து கும்பிட்டு எல்லாவற்றையும் கடவுளிடம் ஒப்படைத்தே பழகிய சிவஞானத்துக்கு இரண்டாவது வரி முதல் நாள் கசப்பாக இருந்தது. இரண்டாம் நாள் அதில் இருந்த மரியாதை புரிந்தது. நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள்தான் தேர்வு மாதிரி. இழப்பைக் கண்ட ஒருவரிடம் தனியாகப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். வெளியே வந்து படிவத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி, கடைசியில் ‘நேரில் கேட்டறிந்தேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்து எட்டுப் பேரை ஜேம்ஸ் தேர்ந்தெடுப்பார். அவர்கள் புதன்கிழமை சார்மினார் எக்ஸ்பிரஸில் கிளம்புவார்கள். பேசுவதற்கு இரண்டு பேர் வருவதாக ஏற்பாடு. இன்னொருவர் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அதனால் பதினான்கு பேரும் அன்னக்கிளியிடமே என்று ஆகிவிட்டது. நாலரை வருஷத்துக்கு முன் இதே ஹைதராபாத்தில் வந்த ஆகஸ்டு வெள்ளத்தில் மகளைப் பறிகொடுத்தவள் அவள். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். அதற்குப் பிறகு அதே நிறுவனத்தின் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஜேம்ஸ் கேட்டபோது "சரிங்க சார்" என்று சொன்னாளாம். வேலை பார்க்கிற இடத்தில் கேட்டால் வேறு என்ன சொல்வாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. சிவஞானமும் யோசிக்கவில்லை.

அவருக்கு அந்த எட்டு இடத்தில் ஒன்று வேண்டியிருந்தது. குஷாய்குடாவில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறார். சொந்த விடுப்பு எல்லாம் மனைவியின் ஆபரேஷனில் தீர்ந்துவிட்டது. தொண்டு நிறுவனம் கடிதம் கொடுத்தால் பதினைந்து நாள் சிறப்பு விடுப்பு தருவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். "எந்துக்கு டாடி அந்த தூரம்?" என்று, எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று, மகன் தெலுங்கில் கேட்டான். டிவியில் நாகைக் கடலோரத்து அக்கரைப்பேட்டையைக் காட்டியபோது அவருக்குக் கலியமூர்த்தியின் நினைவு வந்தது. நாகப்பட்டினத்தில் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மீனவர் வீட்டுப் பையன். பரீட்சையில் இவரைப் பார்த்து எழுதியவன், இவரை யாராவது அடிக்க வந்தால் முன்னால் போய் நின்றவன். ஊரை விட்டு வந்தபின் ஒரு கடிதம்கூட அவனுக்குப் போட்டதில்லை. இருக்கிறானா என்று விசாரிக்க ஒரு தொலைபேசி எண்கூட அவரிடம் இல்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அன்னக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முப்பது வயது இருக்கும். மேஜைமேல் ஆறிப்போன டீயும் இரண்டு பிஸ்கட்டும் தொடாமல் இருந்தன.

"புள்ளைக்குப் பால் வாங்கப் போனேன் சார்..."

"இருங்கம்மா. வேணாம்."

அவள் புரியாமல் பார்த்தாள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமா என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. தப்பு ஒன்றும் இல்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். இந்தப் பதினைந்து நிமிஷம் அவளுடையது, பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம்.

"பேப்பர்ல என்னா எழுதுவீங்க?"

"அது என் பாடு."

கொஞ்ச நேரம் அவள் கையில் இருந்த கர்ச்சீப்பை மடித்தாள், பிரித்தாள். பிறகு, "சித்த கண்ண மூடிக்கிட்டா யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களா சார்?" என்று கேட்டாள். அவர் நாற்காலியை நகர்த்தி, ஜன்னலை முதுகால் மறைத்து உட்கார்ந்தார். அவள் சுவரில் தலையைச் சாய்த்தாள். இரண்டு நிமிஷத்தில் வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போனாள். பக்கத்து வீட்டு மாடியில் பையன்கள் பட்டம் விட்டுக்கொண்டு கத்துவது கேட்டது. அவர் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். நேரம் முடிந்ததும் ஒரு தடவை கனைத்தார்.

வெளியே பெஞ்சில் படிவத்தை வைத்துக்கொண்டு பெயர் எழுதினார், தேதி எழுதினார். நான்கு கேள்விக்கும் விடை தெரியும். அவள் குரலிலேயே, அவள் சொன்ன வார்த்தையிலேயே தெரியும். எழுதினால் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. யாருக்கும் நஷ்டமும் இல்லை. கையெழுத்துக்கு மேலே இருந்த அந்த ஒரு வரிதான் இடித்தது. பேனாவை மூடினார், திறந்தார். பிறகு நான்கு கட்டத்துக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு, ‘கேட்கவில்லை. அவர் தூங்கினார்’ என்று எழுதினார்.

ஜேம்ஸ் அதை இரண்டு தடவை படித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்து, இதுவரை உள்ளே போன எட்டுப் பேரில் இவர்தான் நன்றாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை.

"அங்க போனா நீங்க கேட்டுத்தான் ஆகணும் சார்."

"கேக்குறேன். இந்தம்மா இன்னிக்கு ஏழு தடவ சொல்லிட்டாங்க. எங்க ப்ளாண்ட்ல சர்க்யூட் போர்டுல ஈயம் உருக்கிப் பத்துற ஒரு சாலிடரை மூணு தடவைக்கு மேல சூடு பண்ண விடமாட்டோம். வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். போர்டோட பிடிப்பு விட்டுப்போயிரும். மத்தவங்களை அனுப்பாதீங்க சார்."

அடுத்த முறை ஃபாத்திமாவுடையது. கீழக்கரைப் பெண், மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் முன்னால் வந்தாள்.

"நீங்க விட்டுக்குடுத்துட்டீங்க அங்கிள், நல்லது. எங்களுக்கும் சேத்து ஏன் விட்டுக்குடுக்கிறீங்க? நான் மேனேஜர்கிட்ட சண்டை போட்டு லீவு வாங்கிட்டு வந்திருக்கேன்."

தினேஷ் சிரித்துவிட்டு, "அங்கிளுக்கு மட்டும் இப்பவே சொர்க்கத்துல சீட் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. நமக்கு வெயிட்டிங் லிஸ்ட்" என்றான். சிலர் சிரித்தார்கள். சிவஞானத்துக்கு முகம் சுட்டது. அந்தப் பெண் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஜேம்ஸ் தாழ்வாரத்தின் கோடி வரை போய்த் திரும்பி வந்தார். பாதியில் நிறுத்தினால் எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது என்று அலுவலகத்தில் கேட்பார்கள் என்றார். அவர் கெட்டவர் அல்ல, மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவர். படிவத்தை சிவஞானத்திடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஆறு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். எழுதிக் குடுத்தீங்கன்னா வாங்கிக்கிறேன். இப்படியே குடுத்தீங்கன்னா லெட்டர் தர முடியாது."

ஃபாத்திமா உள்ளே போனாள். கதை முதலிலிருந்து ஆரம்பித்தது, கடைசி வரை போனது. பதினைந்து நிமிஷம் கழித்து வந்தவள் யாரையும் பார்க்காமல் ஓரமாகப் போய் எழுதினாள். அடுத்தவர் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார். அதற்கு அடுத்தவரும் அப்படித்தான். கடைசி ஆள் ஐந்து நிமிஷம்கூட இருக்கவில்லை. இதைப் பற்றி யாரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஃபாத்திமா மட்டும் இடையில் ஒரு தடவை போய் ஆறின டீயை எடுத்துக் கொட்டிவிட்டுச் சூடாக வேறு வாங்கி வைத்தாள்.

மூன்று மணிக்கு அன்னக்கிளி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சிவஞானமும் பையை எடுத்துக்கொண்டு கூட நடந்தார். அவருக்கும் பஸ் அங்கேதான். தெருவில் அறுந்த பட்டத்தின் மாஞ்சா நூல் கிடந்தது. அவள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். காப்பகத்தில் ஒரு குழந்தை நேற்று சுண்ணாம்பைத் தின்றுவிட்டதைச் சொன்னாள். தூங்கினபோது குறட்டை விட்டேனா என்று கேட்டாள். இல்லை என்றார்.

பஸ் நிறுத்தத்தில் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தார்கள். தர்கா இருக்கும் பாறைக்குன்றின்மேல் வெயில் இருந்தது. எதிரில் ஒரு பெண் கரும்புத் துண்டுகளைச் சீவிக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். வெகு நேரம் இருவரும் அவள் கையையே பார்த்தார்கள்.

"எம் புள்ள பால் குடிக்காது சார்," என்றாள் அன்னக்கிளி.

அவர் திரும்பவில்லை.

"பால் வாசனையே ஆவாது அதுக்கு. ஊட்டுனா துப்பிரும். பால் எனக்குத்தான். எனக்குக் காலையில டீ இல்லாட்டி மண்ட இடிக்கும். அதுக்குத்தான் போனேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி நக்கோ நக்கோன்னு சொன்னாங்க, மழையில போவாதன்னு." கர்ச்சீப்பை எடுத்து மடித்தாள். "அதோட அப்பனுக்குக்கூட இது தெரியாது."

வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் எல்லாம் அவர் வாய் வரை வந்தன. உன்மேல் தப்பில்லை, எல்லாம் அவன் செயல், அழாதே. அவள் அழவும் இல்லை. ‘என்ன நடந்தது’ என்ற முதல் கேள்விக்குப் பதின்மூன்று பேரும் ஒரே விடையைத்தான் எழுதியிருப்பார்கள். வேறு விடை தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். நேரில் கேட்டறிந்ததுதான். படிவம் பையில் இருந்தது. பள்ளிக்கூடம் நூறு அடி தூரம், ஆறு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. கலியமூர்த்தி கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவது ஒரு கணம் கண்ணில் தெரிந்தது.

பஸ் வந்து நின்றது. அவள் போக வேண்டிய பஸ்தான். அவள் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, ஏறுகிறீர்களா இல்லையா என்று தெலுங்கில் கேட்டார். சிவஞானம் படிவம் இருந்த பையைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். பஸ் நகர்ந்ததும் கரும்புக்காரப் பெண் புழுதி படாமல் கூடைமேல் முந்தானையை விரித்துப் பிடித்தாள். புழுதி அடங்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.