வைக்கோல் விரித்த தெரு

சர் எட்மண்ட் ஹார்க்னெஸ் கண் விழித்தபோது தெருவின் சத்தத்தைக் காணவில்லை. தலையணைகளில் சாய்ந்தபடி ஜன்னலைப் பார்த்தார். குதிரைகள் இழுக்கும் மாடிவண்டிகளின் மேல்தட்டில் போகிறவர்களின் தொப்பிகள் மட்டும் தெரிந்தன. சக்கரமும் இல்லாமல் குளம்பொலியும் இல்லாமல், அவை பாட்டுக்கு மிதந்து வந்து மிதந்து போயின. ஜுரத்தில் கனவு காண்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் டாக்டர். லண்டனில் அவர் காதுக்கு அவ்வளவு பெயர். மரக்குழலை நெஞ்சில் வைத்தால் எந்த இதயமும் அவரிடம் எதையும் மறைக்காது என்பார்கள். பிரபுக்கள் அவர் வாசலில் தவம் கிடந்தார்கள். அரண்மனை பட்டம் கொடுத்தது. காது கேட்டதை வாய் சொல்லாது என்பது வேறு விஷயம். "ஒண்ணுமில்லை, வசந்தம் வந்தா எழுந்து நடப்பீங்க" என்று எல்லாருக்கும் ஒரே பாட்டுதான். பிறகு கீழே இறங்கி, வீட்டாரிடம் மெல்ல, "வாசல்ல வைக்கோல் போட்டுடுங்க" என்பார். சாகக் கிடப்பவர் வீட்டு முன்னால் வண்டிச் சத்தம் அடங்கத் தெருவில் வைக்கோல் விரிப்பது அந்த ஊர் வழக்கம்.

அவர் மனைவி ஹெஸ்டர் சூப்போடு வந்தாள்.

"தெரு ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?"

"இன்னிக்கு வண்டி கம்மி போல." அவள் சூப்பையே கலக்கிக்கொண்டிருந்தாள்.

அது அவருடைய வசனம். மர வியாபாரியின் இளம் மனைவி திருமதி லவெல் இதே கேள்வியைக் கேட்டபோது இதையேதான் சொன்னார். அவள் புன்னகைத்தாள். நம்பிவிட்டாள் என்று மகிழ்ந்து படியிறங்கினார், மடையர். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது. பாவம், டாக்டரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டிருக்கிறாள். புருஷனும் பிள்ளையும் பக்கத்திலேயே இருக்க, யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியாமல் தனியாகச் செத்திருக்கிறாள். சர் எட்மண்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்போது தானும் புன்னகைத்தால் அதே கதிதான் என்று பயமும் வந்தது.

"ஹெஸ்டர், அந்த வைக்கோலை வாரச் சொல்லு."

"எந்த வைக்கோல்?"

"ஊர் முழுக்க நான் போடச் சொன்ன வைக்கோல். என்கிட்டயேவா?"

கரண்டி நின்றது. "டாக்டர் பிரைஸ்தான் சொன்னார். உங்களுக்குத் தெரிய வேண்டாம்னார்."

"நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தக் குழலை எடு. என் நெஞ்சில வச்சுக் கேளு."

"எனக்கு என்ன தெரியும்?"

"கேக்கறதைச் சொன்னா போதும்."

அவள் குழலைத் தொடவில்லை. குனிந்து, காதையே அவர் நெஞ்சில் வைத்தாள். வெகுநேரம் எழவில்லை. ஜன்னலில் தொப்பிகள் மிதந்துகொண்டிருந்தன. சட்டை நனைவது அவருக்குத் தெரிந்தது.

"நல்லா இல்லை, எட்மண்ட்," என்றாள். "நின்னு நின்னு போகுது."

"எனக்கும் அப்படித்தான் கேக்குது," என்று அவள் தலையைத் தடவினார். "சூப்பை ஓரமா வை. உன்கிட்ட நிறையப் பேசணும்."