சக்கரமில்லாத காரில் ஒரு பெண்

1

இந்தக் கதையில் உண்மை ஒரு நிமிடம்தான். மீதி நான் சேர்த்தது.

ஒரு தெருவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டின் கார் கொட்டகை திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரும்புத் தாங்கிகளின் மேல். முன்சக்கரங்கள் இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண். இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில். எதிரே வெறும் சுவர். அதைச் சாலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"மிதிங்க அண்ணி" என்றது அங்கிருந்து ஒரு குரல். "பிடிங்க… ம்… விடுங்க."

ஓரத்தில் நாற்காலியில் ஒருவர். கைத்தடி மடியில் குறுக்காக.

நான் கடந்து போய்விட்டேன். 'அண்ணி' என்ற ஒரு சொல் மட்டும் கூடவே வந்தது. அதிலிருந்து ஒரு தம்பி, ஒரு அண்ணன், ஒரு மனைவி. குடும்பம் கிடைத்துவிட்டது. கதைதான் கிடைக்கவில்லை.

2

தொடக்கம் ஒன்று: அந்தக் காரின் சிவப்பு, வெயில் பட்டதும்—

வேண்டாம். காரை வர்ணிக்க ஆரம்பித்தால் எனக்கு முடிக்கத் தெரியாது.

தொடக்கம் இரண்டு: பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாளில் அவர்—

இதுவும் வேண்டாம். நோயோடு தொடங்கினால் வாசிப்பவர் உடனே குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்த வீட்டில் யாரும் குரலைத் தாழ்த்துபவர்கள் இல்லை.

தொடக்கம் மூன்று. இது நிற்கட்டும்:

காருக்குப் புது பிரேக் போட வேண்டும் என்று கணவர் சொன்னபோது அவள் அவருடைய மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"பழைய பிரேக்கை அழுத்த ரெண்டு கால் பலம் வேணும். என்கிட்ட இருக்கறது அரைக்கால்."

"அப்ப ஓட்டாதீங்க."

"ஓட்டறதுக்குத்தானே மாத்தச் சொல்றேன்."

"கால் சரியில்லன்னா காரை மாத்துவாங்களா யாராவது?"

"காலுக்கு ஸ்பேர் கிடைக்கலம்மா. விசாரிச்சுட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததால் சம்மதம் ஆகிவிட்டது. அவர்கள் வீட்டில் பெரும்பாலான சம்மதங்கள் இப்படித்தான் வாங்கப்பட்டன.

3

தெரிய வேண்டியவை.

கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கிக் கரையில் வைப்பார். வைக்கும்போது சத்தம் வராது என்று பேர் வாங்கியவர். வாதம் வலப்பக்கத்தைப் பிடித்தது. கைக்குப் பலம் திரும்பிவிட்டது. காலுக்கு முழுதாகத் திரும்பவில்லை. ஏணி ஏற முடியாதவருக்குக் கிரேன் கிடையாது.

"மேல ஏற முடியாது, சரி" என்றார் அவளிடம். "கீழ உக்காந்தாவது எதையாவது நகர்த்தணும். இல்லன்னா நான் வெறும் உக்காந்திருக்கற ஆளு."

அவள் மருந்தாளுநர். எந்த மருந்தும் ஓர் அளவுக்கு மேல் விஷம் என்பது அவள் தொழில்.

கொழுந்தன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். (லிஃப்டில் பிரேக் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். மின்சாரம் வந்தால்தான் விடும். மின்கம்பி அறுந்தாலும் மின்சாரம் போனாலும் பிடித்துக்கொள்ளும். காரில் நேர்மாறு, ஒருவர் மனதுவைத்து மிதித்தால்தான் பிடிக்கும். இதைக் கதையில் யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. அதனால் அடைப்புக்குறிக்குள்.)

புது பிரேக் என்றால் முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க், அதைக் கவ்வுகிற பெரிய காலிப்பர், லேசாக மிதித்தாலே போதும்படி பலம் கூட்டித் தர ஒரு பூஸ்டர். எல்லாம் மாட்டிய பிறகு கடைசி வேலை, ஏர் எடுப்பது. குழாய்க்குள் காற்று இருந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்துப் பக்கம் ஒரு சின்னத் திருகைத் திறப்பார். எண்ணெயும் காற்றும் சேர்ந்து வெளியே வரும். திருகை மூடுவார். அவர் மூடிவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் வெளியே போன காற்று உள்ளே திரும்பிவிடும்.

மிதிப்பவருக்குத் திருகு தெரியாது. திருகுபவருக்குக் கால் தெரியாது. நடுவில் குரல் மட்டும்.

4

முதல் வரைவில் தவறு கொழுந்தனுடையது. இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கத்திலும் வலப்பக்கத்தை இடப்பக்கத்திலும் மாட்டிவிடுகிறான். திருகு மேலே இருப்பதற்குப் பதில் கீழே வந்துவிடுகிறது. காற்று மேலேதானே நிற்கும்? எவ்வளவு மிதித்தாலும் எண்ணெய்தான் வருகிறது. பெடல் கெட்டியாகவில்லை. கடைசியில் அண்ணன் கண்டுபிடிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

நல்ல வரைவு. பலரும் செய்கிற தவறு. ஆனால் எழுதி முடித்ததும் அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. தவறு வேறொருவருடையது என்றால் அவர் ஏன் சுவரை அப்படிப் பார்த்தார்?

அந்த வரைவைக் கிழித்தேன். காலிப்பர்களைச் சரியாக மாட்டினேன். தவறை எடுத்து அவள் காலுக்கடியில் வைத்தேன்.

5

வீடு திரும்பிய சில வாரத்தில், யாரிடமும் சொல்லாமல், கணவர் ஒருநாள் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். கொட்டகைக்கு முன்னால் லேசான சரிவு. கார் உருண்டது. எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "தொட்டியை ரொம்ப நாளா நகர்த்தச் சொல்லிட்டு இருந்தேன்" என்றார், இறங்கியதும்.

அவள் சிரிக்கவில்லை. ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். உருண்டுபோன காரில் அவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தன் வலத்தொடையைப் பிடித்து, பெடலை நோக்கி அழுத்திக்கொண்டிருந்தார். அது தன் கால் இல்லை, ஏதோ ஒரு பொருள் என்பதுபோல.

இப்போது அந்தக் காரில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"பிடிங்க அண்ணி. திறந்துட்டேன்."

பெடல் இறங்கியது.

திருகு இன்னும் முழுதாக மூடவில்லை.

அவள் காலை எடுத்தாள். அரை மூச்சு முன்னால்.

"மூடிட்டேன். விடுங்க."

திருகில் மாட்டியிருந்த, கண்ணாடிபோல் தெரியும் சிறிய குழாய்க்குள் மறுபடி குமிழிகள்.

"இதென்னடா கூத்து" என்றான் கொழுந்தன். "எங்கேர்ந்து வருது? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி வந்துக்கிட்டே இருக்கு."

"வாஷர் மாத்திப் பாரு" என்றார் கணவர்.

"மாத்தியாச்சுண்ணா. கைதான் மாத்தல."

அவன் மறுபடி படுத்தான். அவள் மறுபடி மிதித்தாள்.

6

இங்கே அவளைச் சந்தேகிக்கிறேன்.

ஒரு மருந்தாளுநர் இதைச் செய்வாரா? பிரேக்கைக் கெடுப்பது ஆளைக் கொல்வதற்குச் சமம் என்று தெரியாதவரா? தெரியும். ஆனால் பெடல் கெட்டியாகாதவரை கொழுந்தன் சக்கரம் மாட்டமாட்டான் என்பதும் தெரியும். சக்கரம் இல்லாத கார் யாரையும் கொல்லாது. அவள் கணக்கு அதுதான். ஒரு நாள் தள்ளினால் ஒரு நாள். ஒரு வாரம் தள்ளினால் அதற்குள் அவருக்கே ஆசை விட்டுப்போகலாம்.

முதல் தடவை கால் வழுக்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவையிலிருந்து இல்லை.

அவளுக்குச் சாதகமாக ஒரு வாக்கியம் எழுத முயன்றேன்: அன்பு சில சமயம்—

அடித்துவிட்டேன். அந்தச் சொல்லில் தொடங்கும் வாக்கியம் எதையும் மன்னித்துவிடும்.

7

கணவர் தடியைத் தரையில் ஊன்றினார். "தம்பி, போய்க் கையைக் கழுவிட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வா."

"இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துட்டு—"

"போடா."

அவன் போனான். கார்க் கதவு திறந்தே இருந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"எல்லாத் தடவையுமா?"

"இல்ல. நடுவுல நடுவுல."

"அதான் அவன் குழம்பிப்போறான். எல்லாத் தடவையும்னா கண்டுபிடிச்சிருப்பான்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பெடல் மேல வர்ற சத்தம். அவன் குரலுக்கு முன்னாடி வந்துச்சு."

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "அன்னிக்கு நீங்க தொடையைப் பிடிச்சு அழுத்தினதை நான் பாத்தேன்."

"தெரியும். ஜன்னல்ல நின்னுட்டு இருந்த."

"தெரிஞ்சும் ஜோக்கு அடிச்சீங்க."

"வேற என்ன பண்ணச் சொல்ற? அழறதா?"

"ஆமா" என்றாள். "அழுதிருந்தா நானும் வந்து கூட உக்காந்திருப்பேன்."

அவர் தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"ஓட்டக் கூடாதுன்னா சொல்லு" என்றார். "வாயால சொல்லு."

"சொன்னா கேப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப எதுக்குச் சொல்லணும்?"

"கேக்கலன்னாலும் நீ சொன்னது இருக்கும்ல. இப்ப எதுவும் இல்ல. காத்துதான் இருக்கு." தடியால் உள்வாசல் பக்கம் காட்டினார். "அவனைப் பாரு. காலைலேர்ந்து தன் கையையே சந்தேகப்படறான். நாளைக்கு ஏதோ ஒரு கட்டடத்துல லிஃப்டைச் சரி பண்ணிட்டு, மொத ஆளா அவன்தான் அதுல ஏறி நிக்கணும். அவன் கையில உனக்கு என்னம்மா விரோதம்?"

இதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. நானும்தான். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"ஓட்டாதீங்க" என்றாள் அவள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குப் பயமா இருக்கு. ஓட்டாதீங்க."

"ம்" என்றார் அவர். "கேட்டுச்சு."



8

இனி முடிவு. என்னிடம் இருந்தவை இவை.

அவள் காலை எடுக்காமல் பிடிக்கிறாள். பெடல் கல்லாகிறது. அவர் ஓட்டுகிறார், தெருமுனை வரை போய்த் திரும்பி, சத்தமே இல்லாமல் நிறுத்துகிறார். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே நம்பவில்லை.

அவர் ஓட்டுகிறார், திரும்பவில்லை. இதை இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. அவளுக்குத் தண்டனை கொடுப்பது என் வேலை இல்லை. மேலும், பிரேக் நன்றாக இருந்தும் மனிதர்கள் போய்விடுகிறார்கள். அது வேறு கதை.

அவள் மறுபடியும் காலை எடுக்கிறாள். அவர் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிடுகிறார். கார் அப்படியே நிற்கிறது. தம்பி தன்னால் முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான். இருவரும் வீட்டுக்குள் வந்து மாத்திரையைப் பிரிக்கிறார்கள். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். இதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அவரே 'வேணாம், விட்டுடலாம்' என்று சொல்வதாக ஒன்று உண்டு. அதை எழுதவே இல்லை. கிரேன் ஓட்டியவர்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் உங்களுக்கும் எழுத வராது.

9

கொழுந்தன் ஈரக் கையோடு வந்தான். "என்ன, புருஷனும் பொண்டாட்டியும் என் தலையை உருட்டுனீங்களா?"

"உன் தலையை உருட்டினா அதுலயும் காத்துதான் வரும்" என்றார் அண்ணன்.

அவன் சிரித்துக்கொண்டே படுத்தான். குழாயைத் திருகில் மாட்டினான். "இதுதான் கடைசி அண்ணி. இதுலயும் வந்துச்சுன்னா எல்லாத்தையும் கழட்டி மூட்டை கட்டிடறேன். எனக்கு இந்த வேலை வராதுன்னு ஒத்துக்கறேன். மிதிங்க."

அவள் மிதிக்கிறாள்.

"பிடிங்க. திறந்துட்டேன்."

பெடல் மெதுவாக இறங்குகிறது. தரையைத் தொடுகிறது. கணவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் பார்க்கும் அதே சுவரைப் பார்க்கிறார். கொழுந்தன் கையிலிருக்கும் ஸ்பேனர் திருகை மூடத் திரும்பத் தொடங்கியிருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. அவன் 'மூடிட்டேன்' என்று இன்னும் சொல்லவில்லை.

அந்தச் சொல்லை நான் எழுதப்போவதில்லை. அது வரும்வரை அவள் காலை வைத்திருக்கிறாளா, எடுக்கிறாளா என்பதை நீங்கள் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் போதும்.

நாற்காலியில் இருப்பவருக்கு அது கேட்கும்.