பொன்னாடைகளுக்கு நடுவே ஒட்டிலியா

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆஸ்திரிய நாடு நூறு வருடமாகச் செய்யத் தவறிய மாபெரும் வரலாற்றுக் கடமையை மயிலாப்பூர் நாத விநோத சபை, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை, மின்விசிறி வசதியுள்ள தன் சொந்த அரங்கில் செய்து முடிக்கும். உலகம் மறந்த மாமேதை, வியன்னா நகரத்துப் பெண் இசையமைப்பாளர் ஒட்டிலியா ஹூபர் அம்மையாருக்குப் புவியிலேயே முதல் விழா. அனுமதி இலவசம். விழா முடிவில் புளியோதரை.

அழைப்பிதழில் இப்படித்தான் தடித்த எழுத்தில் இருந்தது. எழுதியவர் சபையின் காரியதரிசி ராஜகோபாலன். அவர் எதை எழுதினாலும் வரலாற்றுக் கடமையாகத்தான் வந்து விழும். சபையின் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற அறிவிப்பும் அந்த நடையில்தான் ஒட்டப்பட்டிருந்தது.

கயலுக்குக் கடைசி வரிதான் முக்கியம். அங்கே, பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், 'பியானோ: செல்வி கயல், சைதாப்பேட்டை' என்று இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுப்பது அவள் பிழைப்பு. முகூர்த்த நாட்களில் கல்யாண ரிசப்ஷன். அவள் வாசிக்க ஆரம்பித்ததும் ஜனங்கள் பந்தியில் இடம் பிடிக்க எழுந்து ஓடுவார்கள். ஒரே ஒரு தடவை ஒரு பெரியவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்குக் கண்கலங்கிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, ஏசி காற்று அந்த மூலையில்தான் வருகிறது என்று.

போன வருஷம், வியன்னாவில் ஏதோ நூலகம் இணையத்தில் ஏற்றி வைத்திருந்த பழைய இசைத்தாள்களைக் கிளறும்போது ஒட்டிலியா அகப்பட்டாள். காப்பிக் கடையில் பியானோ வாசித்த விதவை. கேக் தின்கிறவர்களுக்கும் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கும் நடுவே முப்பது வருஷம் வாசித்தாள். ஒரே ஒரு புத்தகம் அச்சேறியது, அதுவும் வெறும் 'ஓ. ஹூபர்' என்ற பெயரில். விமரிசகர்கள் அதில் ஆண்மை பொங்குவதாக எழுதினார்கள். ஆசிரியர் யாரென்று தெரிந்ததும், அதே விமரிசகர்களுக்கு அதே புத்தகம் கொஞ்சம் பலவீனமாகப் பட்டது.

மற்றதெல்லாம் கையெழுத்துப் பிரதி. அதில் ஒன்றுதான் 'வாசலில் வருகிறவர்கள்'. காப்பிக் கடைக் கதவு திறக்கும். ஓர் ஆள் நுழைவார். அவருக்கு ஒரு சின்ன இசை. தொப்பியைக் கழற்ற மறுக்கும் வங்கிக்காரர். ஓசிக் காப்பிக்கு வந்த கவிஞர். மூன்று பெண்களுக்கு வரன் தேடும் தாயார். யாரும் கேட்காத போரைப் பற்றிப் பேசும் தளபதி. இப்படிப் பன்னிரண்டு பேர். பிறகு கடைசியாக, நீளமாக ஒன்று: 'எல்லோரும் போன பிறகு'.

படிக்கும்போதே கயலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவர்கள் அத்தனை பேரையும் அவள் தேனாம்பேட்டை மண்டபங்களில் பார்த்திருக்கிறாள். அன்றைக்கே முடிவு செய்தாள்: ஜனங்களை உட்கார வைத்து இதை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவளுடைய டிஜிட்டல் பியானோ குட்டியானை வண்டியில் மயிலாப்பூர் வந்து சேர்ந்தது. இறக்கி வைத்தவர் மைக் செட் உமர் ஃபாரூக். கல்யாண மேடைகளில் பழக்கம்.

"இன்னா கயலு, புதுப் பொடவை? பொண்ணு பாக்க வராங்களா?"

"சும்மா இரு பாய். இன்னிக்குப் பதிமூணு பாட்டு வாசிக்கணும்."

"வாசி, வாசி. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. மேடையில நாற்காலி எத்தினி போட்டுக்கீறாங்க பாத்தியா? அத்தினி பேரும் பேசுவாங்க."

பேசினார்கள். இறைவணக்கம், குத்துவிளக்கு, வரவேற்புரை, வரவேற்றவரை அறிமுகம் செய்யும் உரை. அப்புறம் தலைமை விருந்தினர் புகழேந்தி எழுந்தார். முன்னாள் துணைவேந்தர். முன்னொரு காலத்தில் வியன்னாவில் இரண்டு நாள் தங்கியவர். "ஒட்டிலியாவை எண்ணும்போது..." என்று ஆரம்பித்து, வியன்னா டிராமுக்குப் போய், தன் தங்கப் பதக்கத்துக்குத் திரும்பி, தன் ஆய்வேட்டை ஒரு தரம் வலம் வந்து, மறுபடி டிராமில் ஏறினார். கடைசி வரை இறங்கவில்லை.

ஓரத்தில் நின்ற கயல், விரல்களைத் தொடையில் தட்டித் தட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் மறுநாள் முகூர்த்தத்துக்கு வாழைமரங்களோடு மேடை அலங்காரக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். சொந்த அரங்கம் என்றாலும் கல்யாணத்துக்கு விட்டால்தானே மின்விசிறி ஓடும்.

ராஜகோபாலன் வியர்வையோடு ஓடி வந்தார்.

"அம்மா கயல், நாழியாயிடுத்து. பொன்னாடையை ஆரம்பிச்சாகணும். உன் கச்சேரியை அடுத்த வருஷம் ஜமாய்ச்சுடலாம்."

"சார்! இது அவங்க விழா. அவங்க பாட்டு ஒண்ணுகூட இல்லாம எப்படி சார்?"

"அதான் படம் வெச்சு மாலை போட்டிருக்கோமே! பொன்னாடையை விட முடியுமோ? ஒருத்தரை விட்டாலும் ஆயுசுக்கும் பேச மாட்டா. நீ ஒண்ணு பண்ணு. அவாவா மேடையேறி வரச்சே பின்னாடி மெல்லிசா எதையாவது வாசிச்சுண்டிரு. வெறிச்சுனு இருக்கப்படாது."

கயல் இசைத்தாள்களை அள்ளிக்கொண்டாள். பியானோ முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கி முழங்கியது: "நம் சபையின் பொருளாளர், முன்னாள் வங்கி மேலாளர் திரு. கதிரேசன் அவர்களை மேடைக்கு..."

கதிரேசன் எழுந்தார். தலையில் தொப்பி. கோடையிலும் கழற்றாத தொப்பி.

கயலின் முதுகு நிமிர்ந்தது.

ஒருவர் வாசலில் வருகிறார். யாரும் இசையைக் கேட்கவில்லை. ஒட்டிலியா இதற்காகத்தானே எழுதினாள்! விரல்கள் கதவைத் திறந்தன. வங்கிக்காரர் தொப்பியோடு உள்ளே வந்தார். கதிரேசன் படியில் கால் வைத்த அதே தாளத்தில் நடந்த இசை, பொன்னாடை தோளில் விழுந்த அதே இடத்தில் முடிந்தது. கைதட்டல்.

"அடுத்ததாகக் கவிச்சுடர்..." என்றார் ராஜகோபாலன். கவிச்சுடர், ஏறும்போதே காப்பித் தம்ளரோடு ஏறினார். கயலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நன்கொடையாளர் தேவானை அம்மாள் மூன்று பெண்களையும் முன்னால் விட்டு மேடையேறினபோது, அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கீழுதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தளபதி இசை, சொல்ல வேண்டியதில்லை, புகழேந்திக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பொன்னாடை வாங்கியதும் மைக்கைப் பார்த்தார். உமர் ஃபாரூக் மைக்கை அணைத்தார்.

எட்டாவது ஆள் இறங்கியதும் மேடையில் ஆள் வரத்து நின்றது. கயல் திடுக்கிட்டாள். இன்னும் நாலு பேர் ஒட்டிலியாவின் வாசலில் காத்திருக்கிறார்கள்!

"பாய்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள். "இன்னும் நாலு பேருக்குப் போத்தச் சொல்லு!"

"யாருக்கு?"

"யாருக்காச்சும்! பாதியில நிக்குது பாய், பாட்டு!"

உமர் ஃபாரூக் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மேடையேறிப் போய் ராஜகோபாலன் காதருகில் குனிந்தார். "சார், கேன்டீன்காரு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீறாரு. தன்ன வுட்டுட்டீங்களாம்."

ராஜகோபாலனின் முகம் வெளிறியது. விட்டுப்போனவரின் கோபம் என்றால் இந்த ஊரில் எந்தக் காரியதரிசியும் பிழைத்ததில்லை. "அடடே! கேன்டீன் தணிகாசலம் அவர்களை..." பொன்னாடை தீர்ந்திருந்தது. கதிரேசன் தோளிலிருந்து ஒன்றை உருவித் தணிகாசலத்துக்குப் போர்த்தினார். கயல் பாய்ந்தாள்: ஒன்பது. பொறி தட்டிய ராஜகோபாலன், எதற்கும் இருக்கட்டும் என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டார்: பத்து. வாழைமரத்தோடு நின்ற அலங்காரக்காரரைக் கூப்பிட்டார். அவர் மரத்தைக் கீழே வைக்க இடமில்லாமல் அதோடு மேடையேறினார். பதினொன்று. கடைசியாக உருவிய பொன்னாடை, "மைக் செட் உதவி, உமர் ஃபாரூக் அவர்கள்!"

"நானா?" என்றபடி அவர் வந்து நின்றார். பன்னிரண்டாவது விருந்தாளி, ஒட்டிலியாவின் கையெழுத்துப்படி, கதவை மற்றவர்களுக்குத் திறந்துவிடுகிற சேவகர். கயல் அதைக் கொஞ்சம் மெதுவாகவே வாசித்தாள்.

"நன்றியுரைக்கு நேரமில்லை. புளியோதரைப் பொட்டலம் பின்பக்கம்!" என்றார் ராஜகோபாலன்.

அரங்கம் எழுந்து ஓடியது. நாற்காலிகள் சரிந்தன. யாரோ குழந்தையை மறந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கயல் நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலிகளில் ஒருவர்கூட இல்லை. 'எல்லோரும் போன பிறகு' என்பதை வேறு எப்படி வாசிப்பது?

வாசித்தாள். காலி மேஜைகள், ஆறிப்போன காப்பி, ஒருத்தி தனக்காக மட்டும் வாசிக்கிற சந்தோஷம். அந்தச் சந்தோஷம் இவ்வளவு பெரியது என்று கயலுக்கு அதுவரை தெரியாது. மேடை ஓரத்தில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த உமர் ஃபாரூக், பொன்னாடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைசி சுரம் மின்விசிறிச் சத்தத்தில் கரைந்தது.

"முட்ச்சிட்டியா?" என்றார்.

"முடிச்சிட்டேன் பாய்! முழுசா! ஒண்ணுகூட விடல!" கயல் குதித்தே விட்டாள்.

தேவானை அம்மாள் பொட்டலத்தோடு எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, நான் மேடையேறறப்போ ஒண்ணு போட்டியே, நல்லாருந்துச்சு. அது எந்தப் படம்?"

கயல் பதில் சொல்வதற்குள் புளியோதரை தீர்ந்துவிட்டதாகப் பின்னால் கூச்சல் எழுந்தது. அம்மாள் மறைந்தாள்.

அந்த வாரம் வட்டாரப் பத்திரிகையில் விழாச் செய்தி முழுப் பக்கம் வந்தது. பொன்னாடை பெற்ற அத்தனை பேரின் பெயரும், வாழைமரத்தின் படமும் இருந்தன. கடைசி வரி: 'நேரமின்மை காரணமாக ஒட்டிலியா ஹூபரின் இசை வாசிக்கப்படவில்லை.'